சாம்பற் காரமும் தழைச்சத்தும்
வாயுக்கள் ஆக்ஸைடுகளின் மேற்பரப்பில் ஒட்டும் விதம்

வயலுக்கு இடும் யூரியாவுக்கும் அடுப்பிலிருந்து அள்ளும் சாம்பலுக்கும் உள்ள சம்பந்தம் இருவகைப்பட்டது. யூரியா உண்டாவதற்கு முதற்பொருளான அமோனியாவை ஆலையில் செய்யும்பொழுது, சாம்பலில் உள்ள பொட்டாசியம் என்னும் கார உலோகம் இன்றியமையாத துணையாக இருக்கின்றது. அதே சாம்பலை எருக்குழியிலோ அம்மோனியம் சல்பேட்டு உரத்துடனோ கலந்துவிட்டால், சேர்த்து வைத்த தழைச்சத்து அமோனியாவாக மாறிக் காற்றோடு போய்விடுகின்றது. ஆலையில் தழைச்சத்தைச் சேர்க்கும் பொருளே தோட்டத்தில் அதை ஓட்டிவிடுவது ஏன் என்பதை அறிந்துகொண்டால், உரம் இடுவதில் நேரும் நஷ்டங்களில் ஒரு பெரும் பகுதியைத் தவிர்க்கலாம். இதற்குக் காரணமான விதி, திடப்பொருள்களின் மேற்பரப்பில் வாயுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மையைப் பொறுத்ததாகும்.

மேற்பரப்பில் ஒட்டுதல்

பஞ்சு தண்ணீரை உறிஞ்சும்பொழுது நீர் பஞ்சின் உட்புறமெல்லாம் பரவுகின்றது. வாயு ஒட்டுதல் அத்தகையதன்று. திடப்பொருளின் வெளிமுகத்தில் மட்டும், மெல்லிய ஏடு படிவதுபோல, வாயுவின் அணுத்திரள்கள் வந்து தங்குகின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். ஒரு பொருள் எவ்வளவு நுண்ணிய தூளாகவும் துளைகள் நிறைந்ததாகவும் இருக்கின்றதோ, அவ்வளவுக்கு அதன் பரப்பும் விரிகின்றது. அலுமினியத்தின் ஆக்ஸைடாகிய அலுமினாவைத் தக்கபடி தயாரித்தால், அதன் ஒரு கிராம் தூளில் 200 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஒரு சிட்டிகைத் தூளுக்குள் ஏறக்குறைய ஐந்து சென்ட் நிலத்தின் பரப்பு அடங்கியிருப்பது வியப்புக்குரியதே.

இவ்வாறு ஒட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிறிது உஷ்ணம் ஏறியவுடன் விட்டுவிடக் கூடிய இலேசான பிடிப்பு. மற்றொன்று, பரப்பும் வாயுவும் இரசாயன முறையில் பிணைந்துகொள்ளும் உறுதியான பிடிப்பு. தொழிற்சாலைகளில் வினையூக்கிகள் செய்யும் வேலை பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சார்ந்தது. வாயு பரப்பில் வந்து ஒட்டவேண்டும். அங்கே மாறுதல் அடையவேண்டும். மாறியபின் பரப்பை விட்டு அகலவும் வேண்டும். பிடிப்பு மிகக் குறைந்தால் வேலை நடவாது. மிக அதிகமானாலோ, வந்த வாயுவே இடத்தை அடைத்துக்கொண்டு பின்வருவதற்கு இடங்கொடாது.

கார உலோகங்களின் குணம்

லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம் ஆகியவை கார உலோகங்கள் எனப்படும். இவற்றுள் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி 1807-ஆம் ஆண்டில் மின்சாரத்தின் உதவியால் முதன்முதலில் பிரித்தெடுத்தார். இவ்வுலோகங்களின் தனிக்குணம் யாதெனில், ஒவ்வோர் அணுவிலும் வெளிப்புறத்தில் உள்ள ஓர் எலக்ட்ரானை மிக எளிதில் கொடுத்துவிடுவதாகும். ஆகையால் ஓர் ஆக்ஸைடின் பரப்பில் சிறிதளவு பொட்டாசியத்தைப் படியச் செய்தால், அப்பரப்பின் இயல்பே மாறிவிடுகின்றது. அங்கிருந்த அமிலக் குணம் தணிந்து, காரக் குணம் மிகுகின்றது.

இதனால் ஏற்படும் பயனைச் சுருக்கமாகச் சொன்னால், கரியமிலவாயு போன்ற அமில வாயுக்கள் முன்னிலும் உறுதியாக ஒட்டும்; அமோனியா போன்ற கார வாயுக்கள் ஒட்ட இடமின்றி விலகும். பொட்டாசியம் கார்பனேட்டு ஏற்றிய அலுமினா, வெறும் அலுமினாவைவிட அதிகமாகக் கரியமிலவாயுவைப் பிடித்து வைப்பது இதனாலேயே. இவ்விரு வாக்கியங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

அமோனியா உலையில் பொட்டாசியம்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தும் நெற்பயிர் அதை நேரே எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நைட்ரஜனின் இரண்டு அணுக்கள் மும்மடங்குப் பிணைப்பினால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதே அதற்குக் காரணம். அப்பிணைப்பை அறுத்து ஹைட்ரஜனுடன் சேர்த்தால் அமோனியா கிடைக்கும். இதைச் சோதனைச் சாலையில் செய்துகாட்டியவர் ஃபிரிட்ஸ் ஹாபர். தொழில் முறையாக்கியவர் கார்ல் பாஷ். ஜெர்மனியில் ஒப்பாவ் என்னுமிடத்தில் 1913-ஆம் ஆண்டில் முதல் ஆலை வேலை தொடங்கிற்று.

அவ்வாலைக்கு ஏற்ற வினையூக்கியைத் தேடும் பொறுப்பு ஆல்வின் மிட்டாஷ் என்பவரிடம் விடப்பட்டிருந்தது. அவரும் அவருடைய உதவியாளர்களும் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தனர். சுத்தமான இரும்பு சில நாழிகையில் சோர்ந்துவிட்டது. ஆனால் ஸ்வீடன் தேசத்துக் காந்தக்கல் ஒன்று மட்டும் நன்றாக வேலை செய்தது. அக்கல்லில் இயற்கையாகக் கலந்திருந்த அந்நியப் பொருள்களே அதன் திறனுக்குக் காரணம் என்பதை மிட்டாஷ் ஊகித்து, இரும்பு ஆக்ஸைடுடன் சிறிது அலுமினாவும் சிறிது பொட்டாசியமும் சேர்த்து உருக்கி, நிலையான வினையூக்கியைச் செய்தார். பிற்காலத்தில் சுண்ணாம்புச் சத்தும் சேர்க்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் உலகத்து அமோனியா ஆலைகளில் பெரும்பாலானவை இக்கலவையின் வழிவந்த வினையூக்கிகளையே உபயோகித்து வருகின்றன. இதில் பொட்டாசியத்தின் அளவு ஆக்ஸைடாகக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவே.

இக்கலவை உலைக்குள் ஆக்ஸைடாகவே இடப்படுகின்றது. பின்னர் ஹைட்ரஜன் அதிலுள்ள பிராணவாயுவை நீக்க, இரும்பு உலோகமாக மாறுகின்றது. அலுமினா மாறாது நின்று, இரும்புத் துகள்கள் ஒன்றோடொன்று கூடித் தடித்துவிடாதபடி காக்கின்றது. பொட்டாசியம் இரும்பின் முகத்தில் படிந்து, தன் எலக்ட்ரான் வலிமையை இரும்புக்கு அளிக்கின்றது. வந்து ஒட்டும் நைட்ரஜனுக்கு அவ்வலிமை இரும்பின் வழியே செல்ல, மும்மடங்குப் பிணைப்பு தளர்ந்து அணுக்கள் எளிதில் பிரிகின்றன. அன்றியும், உண்டான அமோனியா பரப்பிலேயே தங்கிவிடாமல் விரைவில் அகலவும் பொட்டாசியம் உதவுகின்றது. ஜெர்மானியரான கெர்ஹார்ட் எர்ட்ல் இரும்புப் படிகங்களின்மேல் நைட்ரஜன் ஒட்டிப் பிரிவதைப் படிப்படியாக ஆராய்ந்து, பொட்டாசியத்தினால் அது பன்மடங்கு விரைவாவதைக் காட்டினார். திடப்பொருள்களின் மேற்பரப்பில் நிகழும் இரசாயன மாறுதல்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 2007-ஆம் ஆண்டு நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

ஒரு விவசாய இலாகாவின் ஆராய்ச்சி

எர்ட்லுக்கு நெடுங்காலம் முன்பே, பொட்டாசியம் வினையூக்கியின் எப்பகுதியில் இருக்கின்றது என்ற கேள்விக்கு விடை கண்ட சோதனைச் சாலை ஒரு விவசாய இலாகாவைச் சேர்ந்ததாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாய இலாகாவின்கீழ் வாஷிங்டனில் நைட்ரஜன் சேகரிப்பு ஆராய்ச்சிச் சாலை ஒன்று நடைபெற்றது. அங்கே பால் எம்மெட், ஸ்டீபன் புருனாயர் என்ற இருவர் 1930-ஆம் ஆண்டுகளில் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு இரும்பின்மீது ஒட்டும். கரியமிலவாயுவோ அமில வாயுவாகையால் காரம் உள்ள இடத்தை நாடி ஒட்டும். ஒவ்வொரு வாயுவும் எவ்வளவு ஒட்டிற்று என்று அளந்தால், பரப்பில் இரும்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். நிறையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே உள்ள காரம், பரப்பில் பெரும்பகுதியை மூடிக்கொண்டிருப்பது இவ்வாறு வெளியாயிற்று. வாயுவை ஒட்டவைத்துப் பரப்பின் மொத்த அளவைக் கணிக்கும் முறையை இவ்விருவரும் எட்வர்ட் டெல்லருடன் சேர்ந்து 1938-இல் வெளியிட்டனர். மூவர் பெயரின் முதலெழுத்துக்களால் வழங்கும் அம்முறையே மேற்பரப்பு ஆராய்ச்சிச் சாலைகளில் இன்றும் கையாளப்படுகின்றது.

சிறிதளவே பரப்பை மூடிவிடுவதால், பொட்டாசியத்தை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போவதில் பயனில்லை என்பதும் தெளிவாகும். அளவு மிஞ்சினால் இரும்புக்கு இடமில்லாமல் போய் வேலை குன்றும். பயிருக்கு இடும் உரத்துக்கு உள்ள அளவு விதி வினையூக்கிக்கும் உண்டு.

சென்னையும் உரத் தொழிலும்

சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் சென்னை உர நிறுவனம் 1966-இல் நிறுவப்பட்டு, 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூத்துக்குடியிலும் பெரிய யூரியா ஆலை உண்டு. மணலி ஆலை நெடுங்காலம் நாப்தா என்னும் மண்ணெண்ணெய் இனப் பொருளிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து வந்தது. 2019-இல் இயற்கை வாயுவுக்கு மாறிற்று. நாப்தாவை நீராவியுடன் சேர்த்து நிக்கல் வினையூக்கியின்மேல் செலுத்தும் ஆலைகளில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும் தொல்லை உண்டு. அவ்வினையூக்கியில் பொட்டாசியம் சேர்த்தால் நீராவி நன்கு ஒட்டிக் கரியை வாயுவாக்கி அகற்றிவிடும். ஆகவே அமோனியாத் தொழிலில் காரம் ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல படிகளிலும் துணைசெய்வதைக் காணலாம்.

நகரின் தென்பகுதியில், அடையாற்றை அடுத்துக் கிண்டி வனத்தை ஒட்டி 1959-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆக்ஸைடுகளின் பரப்பு பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. பேராசிரியர் ஜே. சி. குரியாக்கோஸ், பேராசிரியர் பி. விஸ்வநாதன் முதலியோர் இத்துறையில் மாணவர் பலரைப் பயிற்றுவித்தனர். வினையூக்கிகளுக்கெனத் தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்றும் 2006-இல் அக்கழகத்தில் அமைக்கப்பட்டது.

இத்தகைய ஆராய்ச்சிச் சாலைகளில் ஓர் ஆக்ஸைடின் குணத்தை அறியும் வழி பின்வருமாறு: தூளைக் கண்ணாடிக் குழாயிலிட்டுச் சுத்தம் செய்து, அமோனியாவை அதன்மேல் செலுத்தி ஒட்டச் செய்வர். பிறகு உஷ்ணத்தைச் சீராக ஏற்றி, எந்த உஷ்ணத்தில் எவ்வளவு அமோனியா வெளிவருகின்றது என்று அளப்பர். அதிக உஷ்ணத்தில்தான் விடுகின்றதாயின் அங்கே வலிய அமில இடங்கள் உள்ளன என்பது பொருள். கரியமிலவாயுவைக் கொண்டு இதேபோல் செய்தால் கார இடங்களின் கணக்குக் கிடைக்கும். பொட்டாசியம் ஏற்றிய தூளில் அமோனியாவின் கணக்கு இறங்கி, கரியமிலவாயுவின் கணக்கு ஏறுவது வழக்கம். மண் பரிசோதனையில் அமில காரநிலை பார்ப்பதற்கு இது ஒருவாறு ஒப்பானது.

காரம் கெடுதி செய்யும் இடங்கள்

மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் அடையாற்றிலும் வீதிகளில் செல்லும் புதிய டீசல் லாரிகள், பஸ்கள் பலவற்றில் யூரியாக் கரைசலுக்கென ஒரு தனித் தொட்டி இருப்பதைக் காணலாம். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று பாரத் ஆறாம் கட்டப் புகை விதிகள் அமலுக்கு வந்த பின்னர் இது பெருவழக்காயிற்று. நூற்றுக்கு முப்பத்திரண்டரைப் பங்கு யூரியா உள்ள இக்கரைசல் சூடான புகையில் தெளிக்கப்பட்டு அமோனியாவாகின்றது. அந்த அமோனியா வினையூக்கியின் அமில இடங்களில் ஒட்டி, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளைத் தீங்கற்ற நைட்ரஜனாக மாற்றுகின்றது. டைட்டேனியம் ஆக்ஸைடின்மேல் பூசிய வெனேடியம் ஆக்ஸைடு இதற்கான வினையூக்கிகளுள் ஒன்று.

இங்கே அமில இடங்களே உயிர்நாடி. சிறிது பொட்டாசியமோ சோடியமோ வந்து அவற்றின்மேல் அமர்ந்துவிட்டால், அமோனியா ஒட்ட இடமிராது. நச்சுப் புகை அப்படியே வெளியேறும். அமோனியா உலையில் உதவிய பொட்டாசியம் இங்கே விஷமாகின்றது. அதனால் இக்கரைசலில் சோடியமும் பொட்டாசியமும் தனித்தனியே கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்று சர்வதேசத் தரவிதி கட்டளையிடுகின்றது. வயலுக்கு வாங்கிய யூரியாவை நீரில் கரைத்து வண்டியில் ஊற்றுவது ஏன் தகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பயிருக்கென மானியத்தில் வழங்கும் உரம் வேறு வழியில் செல்லாமலிருக்கவும், தழைச்சத்து மெதுவாக வெளிப்படவும் 2015 முதல் இந்நாட்டில் செய்யப்படும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகின்றது. அவ்வெண்ணெயும் வண்டியின் கருவிக்கு ஆகாது.

வைக்கோல் எரித்து மின்சாரம் எடுக்கும் டென்மார்க் தேசத்திலும் இதே அனுபவம் ஏற்பட்டது. வைக்கோற் புகையில் வரும் பொட்டாசியம் வினையூக்கியை விரைவில் செயலிழக்கச் செய்துவிடும். ஒரு டன் நெல் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம் இருப்பதை எண்ணினால் இதில் ஆச்சரியம் இல்லை. விலை கொடுத்து வாங்கும் சாம்பற்சத்து வைக்கோலுக்குள் இருக்க, அதைக் கொளுத்துவது நிலத்துக்கும் நஷ்டம், புகை சுத்திக்கும் கேடு.

புங்கம், காட்டாமணக்கு வித்துக்களின் எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்றான எரிபொருள் செய்வோரும் இதைக் கவனித்தல் வேண்டும். அதைச் செய்ய மெதனாலுடன் சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு சேர்க்கப்படுகின்றது. முடிவில் எரிபொருளை நன்கு நீரில் அலசிக் காரத்தை நீக்காவிடில், அது இயந்திரத்தின் புகைக்குழாயில் சாம்பலாகப் படிந்து வினையூக்கியைக் கெடுக்கும். ஐரோப்பியத் தரவிதி இவ்விரு உலோகங்களும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கின்றது.

எருக்குழியிலும் இதே விதி

மாட்டு மூத்திரத்திலுள்ள தழைச்சத்து விரைவில் அமோனியாவாகின்றது. மக்கும் எருவிலும் மண்ணிலும் உள்ள களி, மக்குப் பொருள் ஆகியவற்றின் பரப்பு அதைப் பிடித்து வைக்கக் கூடியது. சாணக் குவியலின்மேல் அடுப்புச் சாம்பலையோ சுண்ணாம்பையோ கொட்டினால் அமிலக் குணம் அழிந்து, பிடிப்பு நெகிழ்ந்து, அமோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். வெனேடியம் ஆக்ஸைடின்மேல் பொட்டாசியம் செய்த வேலையும் சாணக் குவியலின்மேல் சாம்பல் செய்த வேலையும் தன்மையில் ஒன்றே.

இதை எவரும் வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். ஒரு கரண்டி அம்மோனியம் சல்பேட்டுடன் ஒரு கரண்டி புதுச் சாம்பலைச் சேர்த்துச் சில துளி நீர் தெளித்துப் பிசைந்தால், சிறிது நேரத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அந்நெடியே பயிருக்குச் சேரவேண்டிய தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து அடங்கியுள்ளது. அதில் ஒரு பங்கேனும் இவ்வாறு காற்றில் போவது குடியானவருடைய உழைப்பும் ஆலையில் செலவான எரிபொருளும் ஒருங்கே வீணாவதாகும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. சாம்பலையும் சுண்ணாம்பையும் அம்மோனியம் சல்பேட்டு, டி.ஏ.பி. முதலிய அமோனியா உரங்களுடன் கலத்தல் கூடாது. யூரியாவும் மண்ணில் அமோனியாவாக மாறுவதால் அதனுடனும் சேர்த்து இடுதல் தகாது. சூப்பர் பாஸ்பேட்டுடன் கலந்தால் மணிச்சத்து எளிதில் கரையாத நிலையை அடையும்.

2. சாம்பலைத் தனியே மழை படாத இடத்தில் சேர்த்து வைக்கவும். மழை நீரில் அதன் சாம்பற்சத்து கரைந்தோடிவிடும். கடைசி உழவின்போது சாம்பலை இட்டு மண்ணில் கலந்துவிட்டு, தழைச்சத்து உரத்தைப் பின்னர் மேலுரமாக இடுவது நலம். களர் நிலங்களில் காரம் ஏற்கெனவே மிகுதியாகையால், அங்கே சாம்பல் இடுதல் கூடாது.

3. எருக்குழிக்கு நிழலும் மேலே மண் பூச்சும் அவசியம். தொழுவத்திலும் எருக்குழியிலும் சூப்பர் பாஸ்பேட்டு அல்லது ஜிப்சம் தூவினால், அவை அமோனியாவைப் பிடித்து நிறுத்தும்.

4. யூரியாவை மண்ணின் மேலாக வெயிலில் விடாமல் மண்ணோடு கலக்கும்படி இடவும். ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம் பிண்ணாக்குத் தூள் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது தழைச்சத்து மெதுவாகக் கிடைப்பதற்கு உதவும்.

5. வைக்கோலையும் தட்டையையும் வயலில் கொளுத்தாமல் மாட்டுக்கு இட்டோ, மக்க வைத்தோ நிலத்துக்கே திருப்புதல் வேண்டும்.

காரம் நல்லதென்றோ தீயதென்றோ பொதுப்படக் கூறுவதற்கில்லை. இரும்பின் முகத்தில் நூற்றுக்கு ஒரு பங்காக நின்று நைட்ரஜனைப் பிரித்துக் கொடுப்பதும், அமிலப் பரப்பில் படிந்து அமோனியாவை விரட்டுவதும் ஒரே பொட்டாசியமே. எந்தப் பரப்பில், எந்த வாயுவுக்கு எதிரில், எவ்வளவு வைக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே பயனும் நஷ்டமும் அமைகின்றன. ஆலையில் இவ்வளவை வேதியியல் அறிஞர் பார்த்துக்கொள்கின்றனர். எருக்குழியிலும் வரப்போரத்திலும் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விவசாயிகளுடையது.